ஒரு பொத்தான் போதும்

நல்ல செட்டிங்ஸ் பக்கம் என்றால் அதைத் திறக்கவே யாருக்கும் தோன்றக் கூடாது சார். ஆபீசில் இதை அடிக்கடி சொல்வேன்.

மூலக்குளத்தில் எங்கள் கம்பெனி. பிரவுசருக்குள் இருந்துகொண்டு ஆபத்தான தளங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் செய்கிறோம். 2008 தொடக்கத்தில் அதன் செட்டிங்ஸை என்னிடம் கொடுத்தார்கள். பக்கம் முழுக்க டிக் பெட்டிகள். எதைத் தொட்டாலும் ஒரு எச்சரிக்கை. வீட்டில் என் மனைவி சுமலதாவிடம் காட்டினேன். "இன்னாங்க இது, பாத்தாலே பயமா இருக்குது" என்றாள்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒரே பச்சைப் பொத்தான், 'பாதுகாப்பு'. எதைத் தடுப்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். எச்சரிக்கை கிடையாது. தடுத்த பக்கம் திறக்காது, அவ்வளவுதான். மேனேஜர் தணிகாசலம் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டேன். சுமலதாவின் தோழி ரமீஜா, கல்யாணமாகி பாரீஸ் போனவள். அங்கே குழந்தைகள் காப்பகத்தில் வேலை இருக்கிறது, நீயும் வா என்று மெயில் போட்டுக்கொண்டே இருந்தாள். சுமலதா பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். தடுக்க வேண்டியவற்றில் நான் ரமீஜாவின் பெயரையும் சேர்த்தேன். குடும்பத்துக்கு வருவதும் ஆபத்துதானே.

மெயில் நின்றது. "ரமீஜா என்னை மறந்துட்டா" என்று அழுதாள். மடியில் படுக்கவைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தேன். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்த மாதங்களில்தான். செல்போனுக்குப் புது நம்பர் வாங்கித் தந்தேன். அதை மற்றவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். வகுப்பை அவளாகவே நிறுத்தினாள். நிறுத்தச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வாரம் லீவில் வந்த ரமீஜா, நான் ஆபீசில் இருந்தபோது நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் திரும்பியபோது சுமலதா கம்ப்யூட்டரில் அந்தப் பச்சைப் பொத்தானைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இத எப்படிங்க ஆஃப் பண்றது?"

"அந்த வசதி வைக்கல. வெச்சா ஜனங்க கொழம்பிப் போவாங்க."

"ஜனங்களப் பத்தி கேக்கல. நான் போவணும்."

"எங்க?"

"எங்கியாவது. இங்கேர்ந்து."

நான் குரலை உயர்த்தவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் ஆபீஸ் கிளம்பும்போது அவள் செல்போனை எடுத்துக்கொண்டு கதவை வெளியே பூட்டினேன். அதற்கடுத்த நாளும். சாப்பாடு மேசைமேல் இருந்தது. கை நீட்டியது கிடையாது, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாடி பால்கனியில் புடவையைக் கட்டி இறங்கப் பார்த்திருக்கிறாள். முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. இடுப்பெலும்பு முறிவு. கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் நினைவு வந்து, என் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்கிறீர்கள்.

பூட்டினது நான்தான். மெயிலை நிறுத்தினதும் நான்தான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவளுக்கு என்மேல் பயம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் திருத்துங்கள். கட்டிலருகே இருக்கும் ரமீஜாவை வெளியே அனுப்பிவிட்டு சுமலதாவிடம் ஐந்து நிமிஷம் என்னைத் தனியாகப் பேச விடுங்கள் சார். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.