லொறி வந்தால் ஷெல் நிற்கும்

விசில் சத்தம். நிலம் குலுங்குகிறது. பங்கருக்குள் மண் கொட்டுகிறது. மாசி மாதம், விடிந்து கொஞ்ச நேரம். நான், மனைவி வசந்தி, ஆறு வயது மகள் யாழினி. வாயெல்லாம் மண். அப்போது ஹாரன் கேட்கிறது. ஒன்று நீளம், இரண்டு குட்டை.

"லொறி! முதலாளியின்ர லொறி! வெளியால ஓடி வாங்கோ!"

பக்கத்துப் பங்கரில் யாரோ கத்துகிறார்கள். எல்லோரும் ஓடுகிறோம்.

வன்னியில் இருந்தவர்களுக்குத்தான் இது விளங்கும். முதலாளி ஆமியிடம் டீசலும் பேட்டரியும் வாங்கி இயக்கத்துக்கு விற்றார். எங்கள் பக்கத்து மரமும் இறாலும் ஏற்றிப்போய் ஆமி அதிகாரிகளுக்கு விற்றார். இரண்டு பக்கத்துக்கும் அவர் வேண்டும். அதனால் அவருடைய லொறி போகும்போது யாரும் அடிக்க மாட்டார்கள். கடவுளைக் கைவிட்டவர்களும் அந்த லொறியை நம்பினோம். தண்ணீர் அள்ளியதும் செத்தவர்களைப் புதைத்ததும் அந்த இடைவெளியில்தான். இடம் மாறுவதென்றால் அதன் பின்னாலேயே நடப்போம்.

அன்று ஷெல் நிற்கவில்லை. வசந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடினாள். உடுப்புப் பையோடு நான் பின்னால். மூன்று வெடி. மூன்றாவது லொறியிலேயே விழுந்தது. பிறகு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

இப்போது அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். தனியாக. போன வாரம் பக்கத்து வீட்டு ரேவதி என்னை மௌரி அவென்யூ மளிகைக் கடைக்குக் கூட்டிப்போனாள். சென்னைப் பெண். நல்ல மனசு.

"அங்கிள், இவரும் உங்க ஊர் சைடுதான். டெம்பிள்ல அன்னதானம் எல்லாம் இவர்தான் ஸ்பான்சர் பண்றார். பேசிட்டு இருங்க, பில் போட்டுட்டு வந்துடறேன்."

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறார். தலை முழுக்க நரை. முதலாளி. இத்தனைக்குப் பிறகும் வாயில் 'அவர்' என்றுதான் வருகிறது.

இத்தனை வருடமும் எனக்கு ஒரே கேள்வி. அன்று ஷெல் நிற்காது என்று அவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால் விதி என்று மனதை ஆற்றிக்கொள்வேன். ஊரையும் வசந்தியின் பெயரையும் சொல்லிக் கேட்டே விட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "முதல்நாளே ரெண்டு பக்கமும் கைவிட்டிட்டாங்கள், தம்பி. அதுதான் நான் ஏறேல்லை. டிரைவரை அனுப்பினனான். இறால் பழுதாப் போயிடுமெண்டு."

கை தானாக ஓங்கியது.

"உம்மட மனிசி பிள்ளைக்குப் பால்மா வாங்க என்னட்டை வாறவா, என்ன? சிரிக்கேக்க வாயைப் பொத்துவா."

ஆம். பொத்துவாள். நானே மறந்திருந்தேன். கையை இறக்கினேன். இன்னும் சொல்லுங்கோ என்றேன். வெட்கம்தான். ஆனாலும் கேட்டேன்.

அன்று போனது இவ்வளவு. வசந்தி. யாழினி. டிரைவர் ராசன், கல்யாணம் பேசியிருந்த பொடியன். பின்னால் ஓடியவர்கள் பதினொரு பேர், அதில் நாலு பேருக்குப் பெயர் தெரியாது. என் இடது காது. வீட்டுப் படங்கள் எல்லாம், ஒன்றும் மிஞ்சவில்லை. என் வசந்தியைக் கண்ணால் கண்டவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். நானும் அவரும்.