கடைசிப் பிளேட்டு

மெதுவாண்ணே, மெதுவா. திருப்புளிய அம்புட்டு வெரசாச் சுத்தாதீக. எங்கண்ணன் அவசரமின்னு ஆள் விட்டுத்தேன் ஒங்களப் பெரியகுளத்துலருந்து வரச் சொன்னாரு, இல்லேங்கல. அவரு எல்லாத்துக்கும் அப்படித்தேன். நான் சொல்றேன், ஒரு அவசரமும் இல்ல. இருங்க, இந்தக் கதவச் சாத்திக்கறேன். தூசியாக் கெடக்கு. தூசி இல்லையா? சரி, காத்துன்னு வச்சுக்கங்க. சாத்தியே கெடக்கட்டும்.

என்னயத் தெரியலையா? நாந்தேன் ராஜமணி, தவசிக்குத் தம்பி. பாட்டுப்பெட்டி அவரு வாங்குனது, கீ குடுக்கறது நானு. கலியாணமாகி வருசம் ஒண்ணு ஆனப்பெறகும் இந்தச் சின்னமனூருல எனக்கு அம்புட்டுத்தேன் மரியாத.

நீங்க பாத்துட்டு என்ன சொல்லப் போறீகண்ணே? ஓடும்னா? ஆத்தாடி, அதுக்குள்ள சொல்லிட்டா எப்படி. நீங்க கடையில பாக்குற கெடியாரம் வேற, இது வேற. நல்லாக் கழட்டிப் பாருங்க. உள்ள என்னென்ன தேஞ்சு கெடக்கோ. மதுரைக்குக் கொண்டு போனாத்தேன் ஆகும்னு ஒருவார்த்த சொன்னீகன்னா எங்கண்ணன் கேட்டுக்குவாரு. ஒங்க பேச்சுன்னா கேப்பாரு. நான் சொன்னா, போடா பொட்டப்பயலேன்னுருவாரு.

இன்னிக்கி என்ன நாளுன்னு தெரியுமில்ல. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளு. வருசா வருசம் இன்னிக்கி மத்தியானம் இந்தப் பட்டாசாலைக் கூடத்துல பாட்டுக் கச்சேரி. கச்சேரின்னா ஆளு ஒக்காந்து பாடுறதில்ல. வருசம் பூராக் கேட்டதுல எவனுக்கு எது உசுரோ, அந்தப் பிளேட்டுச் செட்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வரணும். ஒண்ணொண்ணா ஓட விடுவோம். எது ஒசத்தின்னு வாய்ச்சண்டை வரும், துண்ட ஒதறிக்கிட்டு எந்திரிப்பாக, மறுபடி ஒக்காருவாக. கடைசியில ஒரு செட்டுக்குச் சந்தனம் பூசி, எல வாழைமரத்துல அறுத்துப் போட்டு எல்லாருக்கும் சாப்பாடு. எங்கண்ணன் இப்ப தோட்டத்துக்கு எல அறுக்கத்தேன் போயிருக்காரு. வந்துருவாரு, வர்ற நேரந்தேன்.

போன வருசம் சங்கரலிங்கம் வாத்தியார் ஒரு நாயனப் பிளேட்டக் கொண்டாந்தாக. அது செயிச்சது. அதுக்கு மொத வருசம் எங்கண்ணன் கொண்டாந்த சிரிப்புப் பிளேட்டு. நானு கொண்டாந்தது ஒரு நாளும் செயிச்சதில்ல. அதுல எனக்கொண்ணும் விசனமில்ல. சாப்பாடு கெடைக்குதுல்ல.

ஒரே ஒரு கட்டுப்பாடுண்ணே. பாட்டு முடியவும் பாடுனவுக தம்பேரச் சொல்லுவாகள்ல? ஆமா, பெரிய கம்பெனிக்காரக அத விட்டுட்டாக, இந்தச் சின்னக் கம்பெனிக்காரக இன்னம் சொல்லச் சொல்றாக. அந்தப் பேரு வர்ற வரைக்கும் எவனும் மூச்சு விடக் கூடாது. பேரு வந்தப்பெறகுதேன் சபாசு. பாதியில ஊசியத் தூக்குனா எங்கண்ணன் அடிக்க வந்துருவாரு. பாடுனவுக பேரச் சொல்லிட்டுப் போறது, கும்புட்டுட்டுப் போற மாதிரியாம். அத நடுவுல அறுத்தாப் பாவமாம். பாட்டுன்னா அம்புட்டு உசுரு அவருக்கு.

இந்த வருசம் என்ன ஆகிப்போச்சுன்னா, எல்லாரும் ஒரே செட்டப் புடிச்சுக்கிட்டாக. ஏலக்காய் ஏவாரி அம்மாவாசி மாமா இருக்காருல்ல, அவரு குமுளிக்குப் போயிட்டு வர்ற வழியில கம்பத்துல வாங்கியாந்தாரு. ஒரு ராணியக் காட்டுல விட்டுட்டுப் போயிருவாக, அவ தன்னந்தனியா நின்னு பாடுறா, அந்தக் கதை, நாலஞ்சு பிளேட்டுல. மதுரை மரகதம்னு ஒரு புதுப் பிள்ள பாடியிருக்கு. கேட்டுருக்கீகளா? எங்கன? ஒங்க கடையிலயேவா? கடைசிப் பிளேட்டு வரைக்குமா? அந்தக் கடைசியுமா?

ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சுக்கறேன்.

அதத்தேன் சொல்ல வந்தேன். பாட்டு முடியவும் அந்தப் பிள்ள பேரச் சொல்லுது. சொல்லிட்டு, மிசினு நின்னுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டு, அங்கன நின்ன கம்பெனி ஆளப் பாத்துப் போதுங்களான்னு கேட்டுருக்கு. அதுவும் பிளேட்டுல ஏறிப்போச்சு. பாட்டெல்லாம் விட்டுட்டு எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்கே கெறங்கிக் கெடக்காக. அம்மாவாசி மாமா போன வாரம் இந்த வாசல்ல நின்னுக்கிட்டு, கொரல நெளிச்சு அதே மாதிரி சொல்லிக் காட்டுறாரு. எங்கண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அவரு இன்னம் கேக்கலண்ணே. கச்சேரிக்கு முன்னாடி கேக்க மாட்டாரு, அது அவரு வைராக்கியம். இன்னிக்குத்தேன் மொதத் தடவை கேக்கப் போறாரு. இந்தப் பெட்டி ஓடுனா.

இது ஓடக் கூடாதுண்ணே.

அப்படிப் பாக்காதீக. நெசமாத்தேன் சொல்றேன். அந்தப் பிளேட்டு இந்த வீட்டுல பாடக் கூடாது. ஏன்னு கேக்காதீக. அம்மாவாசி மாமா வீட்டுலருந்து அதத் தூக்கிறலாமான்னு கூடப் பாத்தேன். மனுசன் தலமாட்டுல வச்சுக்கிட்டுப் படுக்காரு. வேற என்ன செய்ய? இந்தப் பெட்டியோட கீயத் தூக்கி முல்லையாத்துல போட்டுட்டேன். ஆமா, நாந்தேன். காணாமப் போச்சுன்னு சொன்னேன். கீதானடா, வேற கீ கெடைக்கும்னு ஒங்களுக்கு ஆள் விட்டுட்டாரு. நீங்களும் பை நெறையாக் கீயக் கொண்டாந்துருக்கீக.

எங்கண்ணனப் பத்தி ஒங்களுக்கு முழுசாத் தெரியாது. நல்ல மனுசன். கஷ்டமின்னு வந்தவன வெறுங்கையோட அனுப்புனதில்ல. ஆனா எங்க சின்னய்யா மகன் கர்ணன்னு ஒருத்தன், போடியில நாடகம் பாக்கப் போனவன், அங்கன பாடுன பிள்ளையவே தாலி கட்டிக் கூட்டியாந்துட்டான். அன்னிக்கி எங்கண்ணன் வாசப்படிய மிதிக்க விடல. ஊரு பாக்கத் தண்ணி தெளிச்சு விட்டுட்டாரு. அவுக ரெண்டு பேரும் ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்கிப் போனாக. மலைக்காய்ச்சல்ல அந்தப் பிள்ள போய்ச் சேந்துருச்சு. கர்ணன் இன்னம் அங்கனதேன் திரியிறானாம், கிறுக்குப் புடிச்சு. அவுகள வெரட்டி விட்ட அன்னிக்கிப் பொழுதடைய, இதே எடத்துல ஒக்காந்து, கீ குடுடா ராஜமணின்னு சொல்லி, ஏதோ ஒரு நாடகக்காரி பாடுன பிளேட்டப் போடச் சொல்லிக் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு எங்கண்ணன். நாந்தேன் போட்டேன். எங்க கூட்டமே அப்படித்தேன். பாட்டுக்கு உசுரக் குடுப்பாக, பாடுனவள வாசல்ல ஏத்த மாட்டாக. நானும் அன்னிக்கி வாயத் தொறக்கல.

யாரோ வர்ற மாதிரி இல்ல? மாடா? மாடுதேன். சரி.

அந்தப் பிளேட்ட நான் அம்மாவாசி மாமா வீட்டுல கேட்டேன். பாட்டுக் கேக்கயில எனக்கு ஒண்ணுந் தெரியல, நல்லாத்தேன் பாடுதுன்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன். அந்தக் கடைசி வார்த்த வந்துச்சு பாருங்க, ஆட்டிக்கிட்டு இருந்த தல அப்படியே நின்னுபோச்சு. எல்லாரும் சிரிக்காக, நானும் சிரிச்சேன். சிரிக்கலேன்னா கேப்பாகள்ல. வீட்டுக்கு வந்து சோத்துல கைய வச்சேன், எறங்கல.

அன்னைலருந்து இப்படித்தேண்ணே. செருப்புச் சத்தம் கேட்டாலும் பயம், எங்கண்ணன் சிரிச்சாலும் பயம், சிரிக்காட்டியும் பயம். சம்சாரத்துக்கிட்டயாவது சொல்லலாம்னா, அவளே ஒரு வாரமாப் பேச்சில்லாமத் திரியிறா. மாசமா இருக்கா, மசக்கை போலன்னு நானும் விட்டுட்டேன். நீங்க வந்ததும் ஒங்களுக்கு மோர் கொண்டாந்து வச்சுட்டுப் போச்சுல்ல, அதுதேன். கஸ்தூரியம்மாள். ஆமா, இப்பத்தேன் பேசாது. மேலூர்ப் பக்கத்துப் பிள்ள. மாமன்னு ஒருத்தர் வந்து, வெவசாயக் குடும்பம், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைன்னு சொல்லிக் குடுத்தாரு. தங்கமான பிள்ளண்ணே. இந்த வீட்டுல என்னயும் ஒரு மனுசனா மதிச்சுப் பேசுற ஒரே ஆளு அவதேன்.

என்ன? கெடச்சிருச்சா? என்னத்தக் காட்டுறீக, வெளிச்சத்துக்குக் கொண்டாங்க. கீ போடுற ஓட்டை வழியா யாரோ ஊத்தியிருக்காகளா? எத? மெழுகா? மெழுகு இல்லையா. மோந்து பாக்கவா?

கஞ்சி.

சோறு வடிச்ச கஞ்சி. காஞ்சு சக்கரத்துப் பல்லு பூராப் பக்குக் கட்டிக் கெடக்கு. இல்லண்ணே, சத்தியமா நான் ஊத்தல. கீயத் தூக்கி ஆத்துல போட்டது நானு. அத ஒத்துக்கிட்டேன்ல. கஞ்சிய நான் ஏன் ஊத்துறேன்? எனக்கு அந்தப் பானை எங்கன இருக்குன்னு கூடத் தெரியாது. அடுப்படிக்குள்ள நான் போறதில்ல, எங்கண்ணன் போறதில்ல. மதினி செத்து வருசக்கணக்காச்சு. இந்த வீட்டுல சோறு வடிக்கிறது ஒரே ஆளுதேன்.

இருங்க. கொஞ்சம் ஒக்காந்துக்கறேன்.

அம்மாவாசி மாமா இந்த வாசல்ல நின்னு சொல்லிக் காட்டுனாருல்ல, அப்ப அவ உள்ளதேன் இருந்தா. அன்னைலருந்துதேன் பேச்சு நின்னுபோச்சு. மசக்கை இல்லண்ணே அது. சோறு போடயில அகப்பையும் கையுமா நின்னு என் மூஞ்சியப் பாக்கறது, நான் தலையாட்டுனாப் போயிர்றது. நானும் கூறு கெட்டவன், என்ன ஏதுன்னு கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிருவாளோன்னு பயம். ஆமான்னுட்டா அப்பறம் நான் என்ன செய்யிறது? ஒரு வூட்டுக்குள்ள, ஒரு பாயில, அவ எனக்குத் தெரியக் கூடாதுன்னு பயந்துக்கிட்டுக் கெடந்துருக்கா, நான் அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு பயந்துக்கிட்டுக் கெடந்துருக்கேன். நான் கீயப் புடுங்குனேன், அந்த ஓட்டையில அவ கஞ்சிய ஊத்தியிருக்கா.

கழுவுனா ஓடுமா? வெந்நியில ஊறப்போட்டு, எண்ணெ போட்டா, மத்தியானத்துக்குள்ளயா? அண்ணே, ஒங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். மதுரைக்குக் கொண்டு போகணும்னு சொல்லிருங்க. ஒங்க வேதக் கோயிலுக்கு மெழுகுதிரி ஏத்துறேன். இன்னிக்கிப் பொழுது தப்பட்டும். பிள்ள பொறக்கட்டும் மொதல்ல. அப்பறம் நானே எங்கண்ணன் கிட்டச் சொல்றேன். சொல்லுவேன்னுதேன் நெனக்கிறேன். இல்லேன்னா மூணு பேரும் எங்கிட்டாச்சும் போயிக்கறோம். மலைக்கி மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டேன்.

அந்தா செருப்புச் சத்தம். அவருதேன். எலக்கட்டக் கீழ போடுறாரு. அம்மாவாசி மாமா கொரலும் கேக்குது. மாமாவுக்கு அந்த வார்த்த காதுலயே இருக்குண்ணே, நெதம் அந்தப் பிளேட்டப் போட்டுக் கேக்காரு. அவருக்கும் வாத்தியாருக்கும் எல்லாருக்கும் இன்னிக்கி அவதேன் சோறு போடப் போறா. இந்தப் பெட்டி ஓடாட்டியும், பழக்கதோசத்துல அந்த வார்த்த வாய்தவறி வந்துருச்சுன்னா என்ன செய்ய? நெதம் மூணு வேள சொல்லிச் சொல்லிப் பழகுன வாயி.

புரிஞ்சிருச்சா? ஆமா. அந்தப் பிளேட்டுல பாடுறது அவதேன், கலியாணத்துக்கு முன்னாடி வேற பேருல பாடியிருக்கா.

நீங்களும் சாப்பிட்டுத்தேன் போகணும். எனக்கு அடுத்த எலையில ஒக்காருங்க. அவ அகப்பையோட வந்து குனிஞ்சான்னா, பாதி சோறு விழுகயிலயே, அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே, போதும்னு நீங்களாச் சொல்லிருங்கண்ணே.