எங்கள் வாசல் கேமரா

எனக்குக் கேமரா என்றாலே ஆகாது. கல்யாண வீட்டில் வீடியோக்காரர் பந்திப் பக்கம் திரும்பினால், பாயசத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவேன். என் மனைவி ஜெயலக்ஷ்மி இதை வைத்து என்னைக் கேலி செய்யாத முகூர்த்தம் கிடையாது. அதனால், இன்ஸ்பெக்டர் ஐயா, எங்கள் ஃபிளாட்ஸ் வாசலில் கேமரா வேண்டாம் என்று முதலில் சொன்னவன் இந்தச் சுப்பராமன்தான் என்றால் நீங்கள் நம்பலாம்.

யாரும் கேட்கவில்லை. மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு வைத்தாயிற்று என்று எங்கள் வாசலிலும் வைத்தார்கள். நான் அசோசியேஷன் செயலாளர். பதிவுப் பெட்டி இருக்கும் அறையின் சாவி என்னிடம் வந்தது.

தேவானை எங்கள் வாசலைக் கூட்டித் தெளித்துக் கோலம் போடுகிறவள். மற்ற மாதங்களில் கேட்டோடு நிறுத்திக்கொள்வாள். மார்கழி வந்தால் பக்கத்து ஃபிளாட்ஸோடு எங்களுக்குப் போட்டி. அவள் கோலம் தெருவின் பாதிக்கு நீளும். பெரிதாகப் போடு என்று அவளை நச்சரித்தவர்களில் நானும் உண்டு.

அன்று விடிகிற நேரத்தில் அடையாறில் ஓர் உபன்யாசம் கேட்கக் கிளம்பி, காரைப் பின்னால் எடுத்தேன். பின்பக்கம் எது இருந்தாலும் என் கார் கீக் கீக்கென்று கத்தும். கேட் தூணைப் பார்த்துத் தினமும் கத்துவதால் அதை நான் சட்டை செய்வதில்லை. அன்றும் கத்தியது. சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தேவானை கோலத்தின் மேல் கிடந்தாள். கையைத் தூக்கினாள். விரலெல்லாம் கோலமாவு.

கையைத் தூக்குகிறாளே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். டீ குடிக்கப் போன வாட்ச்மேன் வந்து பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். உபன்யாசத்துக்கு நேரமாகிறது என்றும் நினைத்தேன். உங்களுக்கு அருவருப்பாக இருக்கும், எனக்கும் இருக்கிறது. போனேன். கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன். தொன்னையில் பொங்கல் கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

அதற்குள் எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் ஷரீஃப் அவளைப் பார்த்திருக்கிறார். ஒற்றை ஆளாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார். வழியிலேயே உயிர் போய்விட்டது. ஆட்டோவில் ரத்தம், பார்த்த சாட்சி யாரும் இல்லை. நீதான் இடித்தாய் என்று அவரையே பிடித்து உள்ளே வைத்தீர்கள். அவர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னாராம்: "வாசல்ல கேமரா கீது சார், போட்டுப் பாருங்க."

நீங்கள் வந்து கேட்பதற்கு முன்பே நான் போட்டுப் பார்த்துவிட்டேன். என் கார் போன பிறகும் அந்தக் கை வெகுநேரம் தூக்கியபடியே இருந்தது. கண்ணாடியில் நான் பார்த்தது தொடக்கத்தை மட்டும்தான்.

அந்தப் பெட்டியில் பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும். நான் எதையும் அழிக்க வேண்டியதில்லை. உங்களைக் கொஞ்ச நாள் இழுத்தடித்தால் போதும். கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் கூட்டினேன். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியவன் ஆயிற்றே, நன்றாகவே பேசினேன். நம் தகவலைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் போட்டு, அதிலேயே தன் துறைகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளவும் வழி வைத்துக்கொண்ட அரசு இது என்றேன். இன்று விபத்து என்று கேட்பார்கள், நாளை நம் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கேட்பார்கள் என்றேன். முறைப்படி நோட்டீஸ் வராமல் கொடுக்கக் கூடாது என்று முடித்தேன்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாணிக்கவாசகம், தண்ணீர்த் தொட்டி கழுவுவதில்கூட என்னை எதிர்ப்பவர், எழுந்து நின்றார். "ஐயா சொல்லுததுதான் சரி. இவனுவள நம்பி ஒரு துண்டுச் சீட்டுகூடக் குடுக்க முடியாது." எல்லாரும் கை தட்டினார்கள். என் வகுப்பில் ஒருநாளும் அப்படிக் கை தட்டல் விழுந்ததில்லை. நான் அன்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை ஐயா. அதை நினைத்தால்தான் கூசுகிறது.

ஷரீஃபின் மனைவி கேட்டருகே வந்து நின்றார். ஒரே ஒரு வாட்டி போட்டுக் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று அழுதார். தண்ணீர் கொடுத்து, சட்டத்தைப் பொறுமையாக விளக்கி அனுப்பினேன். உங்கள் நோட்டீஸ் முறைப்படி வந்து சேர்ந்தபோது பெட்டியில் அந்தக் காலை இல்லை.

நேற்று ஷரீஃப் ஜாமீனில் வந்தார். நேரே என் வீட்டுக்கு வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று பயந்தேன். அவர் கை கூப்பினார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், மன்னிக்கவும்.

"எம் பொண்டாட்டி உங்களாண்ட வந்து அழுதுச்சாமே. மனசுல வச்சிக்காதீங்க சார். நீங்க குடுக்காததே நல்லது. அவங்க கைக்குப் போயிருந்தா நான் இட்ச்ச மாதிரியே மாத்திருப்பாங்க."

என் பேச்சை முழுசாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான். அவர் ஆட்டோ இன்னும் உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. வழக்கு முடிந்தால் அவர் திரும்பவும் உள்ளே போவார்.

ஜெயலக்ஷ்மி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். "ஏன்னா, அந்த மனுஷர் மூஞ்சியையே பாக்காம, தரையைப் பாத்துண்டே உக்காந்திருந்தேளே, ஏன்?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

தேவானை மேல் ஏறியது என் கார். உயிரோடு இருந்தவளை விட்டுவிட்டுப் போனவன் நான். பதிவை அழிய விட்டவனும் நான். ஷரீஃப் அவளைத் தூக்கியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். நீங்கள் எழுதிக்கொள்ள இதை நான் மறுபடி சொல்லும்போது உங்கள் அறை மூலையில் இருக்கும் அந்தக் கேமராவை அணைத்துவிடச் சொல்லுங்கள். அதில் பதிவாவது நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று நமக்கு எப்படித் தெரியும்.