மணல் தீவில் முளைக்காத புல்

புழு வளர்க்கப் பொறுமை வேண்டும் என்பார்கள். பொறுமையைவிட, இறுக்கமாக மூடும் கண்ணாடிப் புட்டி முக்கியம்.

நாங்கள் தேடும் புழு, புல்லின் இதழுக்குள்ளேயே சுரங்கம் குடைந்து தின்னும். வெளியே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். ஏப்ரலில் எடுத்துவந்து வளர்த்தால், ஜூனில் அரிசி அளவு அந்துப்பூச்சி கிடைக்கும். அதை ஊசியில் குத்தி, பக்கத்திலேயே அது தின்ற புல்லையும் ஒட்டிவைப்போம். எந்தப் புல் என்று தெரிந்தால்தான் எந்தப் பூச்சி என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

டென்மார்க்கில் யாரும் பார்த்திராத ஓர் அந்துப்பூச்சியை எங்கள் லேசோ தீவில் கண்டுபிடித்ததாகச் சென்ற ஆண்டு அறிவித்தேன். எங்கள் பூச்சி ஆய்வுச் சங்கம் எனக்குப் பதக்கம் தருவதாக இருந்தது. உண்மையில் அந்தப் புழுக்கள் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு நண்பர் அங்குள்ள புல்லோடு தபாலில் அனுப்பியவை.

ஓவே இருபது ஆண்டுகளாக என்னோடு புழு தேடியவர். பதக்க விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம், நாங்கள் இருவரும் புல்வெளியில், புழு வளர்க்கக் கொண்டுபோக, வேரோடு புல்கட்டிகள் வெட்டிப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்க உட்கார்ந்தோம்.

"ஏம்ப்பா ப்ரெபென், உன் பூச்சி பக்கத்துல ஒட்டியிருக்கியே, அந்தப் புல்லு சுண்ணாம்புப் பாறையிலதானே முளைக்கும்?"

"ஆமா."

"நம்ம தீவு பூரா மணலு. பாறை எங்க இருக்கு, உன் மண்டைக்குள்ளயா?" விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சனிக்கிழமை நீயே எந்திரிச்சுச் சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லாம விட முடியாதா?"

"இதுலயும் பொய்யின்னா, இத்தன வருசம் முட்டி தேய எதுக்குய்யா புல்லுல ஊர்ந்தோம்?"

நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. அவர் காப்பி ஊற்றக் குனிந்தபோது மண்வெட்டியை எடுத்தேன்.

முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. அவர் மணலில் தடவிக்கொண்டே, "என் கண்ணாடி எங்கப்பா?" என்று என்னிடமே கேட்டார். இரண்டாவது அடியில் தாடை உடைந்தது, அதன்பின் பேச்சில்லை. மூன்றாவதில் மண்டை ஓடு உள்ளே இறங்கியது. நான் பலசாலி இல்லை. அதனால்தான் மூன்று.

மணலில் குழி தோண்டுவது எளிது. மேலே, வெட்டிவைத்த புல்கட்டிகளையே பரப்பினேன்.

மே மாதம் மழையே இல்லை. வெளி முழுவதும் காய்ந்து மஞ்சளாயிற்று. தினமும் இரண்டு வாளி தண்ணீர் சுமந்தேன். ஓர் இதழ் தீர்ந்தால் புழு அடுத்த இதழுக்குப் போகும். ஆகவே எல்லாக் கட்டிகளுக்கும் ஊற்றினேன். ஆறடி நீளத்துக்கு மட்டும் பச்சையாக இருப்பது உங்கள் ஆட்கள் கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை.

பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாய்க்குள் மணல் இருந்தது என்கிறீர்கள். இருந்திருக்கும். நான் மண்ணைத் தள்ளும்போது அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சின்மேல் மணல் ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

ஆனால் வெட்டிய கட்டிகளின் வேர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே ஒன்பது புழுக்கள். உயிரைப் பார்த்துக்கொண்டே சாகவிட என்னால் முடியாது, ஐயா.