பித்தளைத் தகட்டின் காவலாளி கிளடிஸ் ரீச்சருக்கு

இம்மடலில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மடு மாதா மீதும், நல்லூர்க் கந்தன் மீதும், இவ்விருவரையும் நம்பாதவர்களுக்காக எங்கள் பள்ளியின் கொதிகலன் மீதும் கை வைத்துச் சத்தியம் செய்கிறோம். கொதிகலன் மீது கை வைத்தவருக்குக் கை வெந்துவிட்டது. அதுவும் உண்மை.

மன்னார்க் கடற்காற்றில் வளர்ந்து, ரொறன்ரோப் பனிக்காற்றோடு மல்லுக்கு நின்ற மாண்பே! விசிலையே வேதமாகவும், வியர்வையையே தீர்த்தமாகவும் கொண்ட வீராங்கனையே! பந்தைக் கண்டால் பருந்தாகவும், பிள்ளையைக் கண்டால் பஞ்சாகவும் மாறும் பண்பின் பெட்டகமே! கிளடிஸ் அமிர்தநாதர் என்ற பெயரைச் சம்பளச் சீட்டுக்கு மட்டும் விட்டுவைத்து, எல்லோர் நாவிலும் ‘ரீச்சர்’ என்றே வாழும் எங்கள் பெருமைக்குரியவரே! இன்று நீங்கள் ஓய்வு பெறுகிறீர்களாம். ஓய்வுக்கு எங்கள் அனுதாபங்கள். உங்களிடம் அகப்பட்டு அது என்ன பாடு படப்போகிறதோ!

எங்கள் பள்ளி நூறு வயதைத் தாண்டிய செங்கற் கிழவி. அவளுடைய நடைக்கூடத்தில் ஒரு பழைய படம் தொங்குகிறது. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டொன்றில், கணுக்கால் வரை கறுப்புப் பாவாடையும் கழுத்து வரை பொத்தானுமாக, நடுவில் ஒரு தோற்பந்தை வைத்துக்கொண்டு, சிரிப்பதற்குத் தடை உத்தரவு வாங்கியவர்கள் போல அமர்ந்திருக்கும் பெண்கள் மெய்வல்லுநர் கழகத்தாரின் படம். அதைச் செத்தவீட்டுப் படம் என்றே நாங்கள் நினைத்து, அதனருகில் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போனோம். நீங்கள் மட்டுமே உடற்பயிற்சி ஆசிரியையாக வேலைக்கு வந்த முதல் நாள் அதன் முன்னே நின்று, கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ஆட்ட விதிகளை வாசித்தீர்கள். வாசித்துவிட்டு, “பந்தோட ஓடக் கூடாது, நிலத்தில தட்டக் கூடாது, தன்ர கட்டத்தை விட்டு வெளிய போகக் கூடாது. உந்தப் பெட்டையள் விளையாடினது எங்கட ஊர் நெற்போல் ஆட்டம்தானே!” என்றீர்கள்.

அந்தக் கணத்தில் படத்திலிருந்த ஒருத்தி சிரித்தாள். இன்றுவரை சிரித்தபடியே இருக்கிறாள். ஐயம் உள்ளவர்கள் நாளைக் காலை போய்ப் பார்க்கலாம், இடப்பக்கமிருந்து மூன்றாவது.

ஆனால் அம்மணி, நீங்கள் வந்த வேளையில் அந்தக் கழகம் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தது. ஏழு பெண்கள் ஓர் அணியாகச் சேர்ந்து, வரும் முதலாவது போட்டியில் ஆடாவிட்டால் கழகத்தை மூடிவிட்டு, கூடத்தைப் பாரந்தூக்கும் பையன்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அன்றைய பள்ளி அதிபர் ஜூலியன் அறிவித்திருந்தார். ஆறு பேர் வந்தார்கள். ஏழாவதாக வரவேண்டியவள் நகரின் கிழக்குக் கோடியிலுள்ள மல்வேர்னிலிருந்து பஸ்ஸில் வரும் சிவானி. நின்ற இடத்தில் நின்றபடியே கூரை விளக்கு மாற்றக்கூடிய உயரம். அவளுக்கு ஆசை இருந்தது. அவளுடைய தகப்பனார் வினோதனுக்கோ மானம் இருந்தது. மிசிசாகா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் அந்த நல்ல மனிதர், தேடிப்போன உங்களை வாசலில் வைத்தே மறித்தார்.

“ரீச்சர், ஆம்பிளையள் சுத்தி நிண்டு பாக்க என்ர பிள்ளை துள்ளுறதோ? நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?”

வேறொருவராயின் பெண்ணுரிமை பற்றி ஒரு மணி நேரம் பேசி, ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு தோற்றுத் திரும்பியிருப்பார். நீங்களோ பள்ளிக்குத் திரும்பினீர்கள், ஏணியில் ஏறினீர்கள். உடற்பயிற்சிக் கூடத்துக் கதவின் மேல், பச்சைப் பெயின்ற் பூசிப் பூசி நாங்கள் எல்லோரும் மரக்கணு என்று எண்ணியிருந்த ஒரு தடிப்பை, சமையற் கத்தியால் சுரண்டினீர்கள். உள்ளே ஒரு பித்தளைத் தகடு பளபளத்தது. பெண்கள் ஆடுவதை ஆண்கள் பார்ப்பது ஒழுங்கல்ல என்று இந்த ஊர் வெள்ளைக்காரரே நம்பியிருந்த காலத்தில் அடித்த தகடு அது: ‘பெண்கள் கழகம் ஆடும் வேளையில் ஆடவர் எவரும் உட்புகலாகாது.’

மறுநாள் மல்வேர்னில் நிகழ்ந்த உரையாடலை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தருகிறோம்.

“தம்பி வினோதன், உங்கட பிள்ளையை ஒரு ஆம்பிளையும் பாக்கமாட்டான். பழைய சட்டம் ஒண்டு கிடக்கு. சரியோ?”

“அப்பிடியெண்டாச் சரி ரீச்சர்.”

“நீங்களும் பாக்கேலாது.”

“நான் தேப்பன் எல்லோ!”

“தேப்பன் ஆம்பிளை இல்லையோ?”

இதைக் கேட்டு வினோதனின் துணைவியார் றஜிதா குசினிக்குள்ளிருந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து நகரமான அஜக்ஸ் வரை மூன்று வீட்டுத் தீ எச்சரிக்கை மணிகள் அலறின.

போட்டி நாள் வந்தது. பனி கொட்டியது. அஜக்ஸிலிருந்து எதிரணி வந்திறங்கியது. கூடவே அவர்களுடைய பயிற்றுநரும் இறங்கினார். றொய்சன் என்ற ஆறடி ஆண்! மகளை இறக்கிவிட வந்த வினோதன் அவரைக் கண்டார், மகளின் பையைப் பிடித்தார். “வா பிள்ளை, வீட்டை போவம்.” சிவானியோ பையின் மறுமுனையை விடவில்லை. அவள் போனால் ஆறு பேர். ஆறு பேர் என்றால் கழகம் இல்லை. கழகம் இல்லையென்றால் கறுப்புப் பாவாடைக்காரிகள் காலத்திலிருந்து வந்த சங்கிலியின் கடைசிக் கண்ணி அந்த நடைக்கூடத்திலேயே அறுந்து விழும்.

அப்போதுதான், விசில் விற்பன்னரே, ஊதினீர்கள்!

வெளியே தெருத் தண்டவாளத்தில் போன ஸ்றீட்கார் நின்றது. 401 நெடுஞ்சாலையில் இரு திசையிலும் வாகனங்கள் நின்றன. அவை வழக்கமாகவே அங்கு நிற்பவைதான் என்றாலும், அன்று மரியாதையோடு நின்றன. தெற்கே பறந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் வானத்திலேயே இரண்டு வரிசையாகி, உயரப்படி நின்றது. ஒரு காலைக் கதவுக்குள் வைத்திருந்த றொய்சன், அந்தக் காலைப் பின்னோக்கி எடுத்தார்.

“தம்பி, மேல வாசியும்,” என்றீர்கள்.

அவர் வாசித்தார். “மிஸ், நான் கோச் எல்லோ? உள்ள வராமல் எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?”

“சாவித் துவாரம் இருக்குத்தானே.”

வினோதன் பையை விட்டார். கதவு மூடியது. அஜக்ஸ் அணி அன்று முழுவதும் சாவித் துவாரம் வழியாகவே பயிற்றுவிக்கப்பட்டது. றொய்சனின் வலக்காது இன்றும் சற்றே சாவி வடிவில் இருப்பதை அவரை அறிந்தோர் அறிவர்.

அந்த ஆட்டத்தை என்னென்று புகழ்வோம்! எங்கள் பெண்கள் கைமாற்றிய பந்து கண்ணுக்குத் தெரியவில்லை, காற்றில் அதன் சூடு மட்டுமே தெரிந்தது. நிறைவு நேரம் நெருங்கி, இரு அணிகளும் சமமாக நின்றபோது சிவானியின் கைக்குப் பந்து வந்தது. துள்ளக் கூடாது என்று தடுக்கப்பட்ட அந்தப் பிள்ளை துள்ளினாள். மேலே போனாள். போனவள் உடனே வரவில்லை. கீழே நின்றவர்கள் தண்ணீர் குடித்தார்கள், சப்பாத்துக் கயிறு கட்டினார்கள், ஒருத்தி கணிதப் பாடத்தில் பாதியை முடித்தாள். சிவானி கூரை வளை மரத்தில் கிடந்த நூறாண்டுத் தூசியைத் தலையில் வாங்கிக்கொண்டு, வளையத்துக்கு மேலிருந்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போலப் பந்தை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினாள்.

கதவுக்கு வெளியே வினோதன் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் பார்க்கக் கூடாது என்ற அதே மனிதர். “என்னப்பா நடக்குது? விழுந்ததோ? ஆராவது சொல்லுங்கோவன்!” என்று கதவிடம் கெஞ்சினார். நீங்கள் கதவைத் தலையளவு திறந்தீர்கள். “விழுந்தது,” என்றீர்கள். மூடினீர்கள். அந்த மனிதர் பனிச் சப்பாத்தோடு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதார். அவருக்கு இருபுறமும் நின்ற அதிபர் ஜூலியனும் றொய்சனும் அவருடைய தோளில் ஆளுக்கொரு கை வைத்தார்கள். தோற்றுப்போனது தன்னுடைய அணி என்பது றொய்சனுக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

கழகம் பிழைத்தது. ‘அங்க ஆம்பிளையள் இல்லையாம்’ என்ற செய்தி மல்வேர்ன் மாடிகளில் ஏறி இறங்கியது. அடுத்த பருவத்தில் முக்காட்டோடு வந்தார்கள், சிலுவையோடு வந்தார்கள், திருநீற்றோடு வந்தார்கள். எல்லோரும் வியர்வையோடு திரும்பினார்கள். பெண்களைப் பூட்டிவைக்க அடித்த ஒரு தகட்டால் பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்த பேரறிவை நாங்கள் வேறு எவரிடமும் கண்டதில்லை. சிவானி இன்று நகரின் வானளாவிய கட்டடங்களில் கிரேன் ஓட்டுகிறாள். அவளுக்குக் கிரேன் எதற்கு என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

அருமைப் பெருந்தகையே! உங்கள் முழங்கால்கள் முனகாதிருக்கட்டும்! மூச்சு முந்திச் செல்லட்டும்! பனியில் வழுக்காமல், பாதையில் தளராமல், பேரப்பிள்ளைகள் களைத்து அமரும்போதும் நீங்கள் அமராமல், நூறாண்டு தாண்டியும் அந்தப் படத்துப் பெண்ணோடு போட்டி போட்டுச் சிரித்திருப்பீர்களாக! உங்கள் விசிலைப் பள்ளியிலேயே விட்டுச் செல்லுமாறு வீட்டிலிருக்கும் உங்கள் துணைவர் அமிர்தநாதர் அண்ணை எங்களைத் தனியே அழைத்துக் கேட்டுக்கொண்டார். நாங்கள் அதை இரகசியமாக வைத்திருக்கிறோம்.

தலை வணங்கி, தகட்டையும் வணங்கி,
பள்ளியின் ஆண் ஊழியர்கள் அனைவர் சார்பிலும்,
ஜெயரட்ணம்,
கட்டடப் பராமரிப்பு.

பி.கு: தகட்டின் ஆணைப்படி, எங்களில் எவரும் இதுவரை ஓர் ஆட்டத்தையும் பார்த்ததில்லை.