ஜெர்மனியா, போலந்தா?

தங்கச் சுரங்கம் மூடிப்போன மாரிகுப்பத்திலிருந்து காலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மேரி என்பவளின் மகனுக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்குள் பதில் சொல்லணுமாம்.

"ஜெர்மனி படுத்துக்கிச்சாம்க்கா. பக்கத்துல போலந்துதான் இப்ப நல்லா வளருதாம்."

"வளர்றது கெடக்கட்டும் மேரி. அங்க மைன்ஸ் ஏதாச்சும் கீதா?"

"போலந்துல கீதாம். இன்னும் நிலக்கரி எடுக்கறாங்களாம்."

"ஜெர்மனில?"

"ஷாஃப்டுல பூமிக்குள்ள எறங்கி எடுக்கறதெல்லாம் மூடிட்டாங்களாம்."

"அப்ப ஜெர்மனிக்கே அனுப்பு. இனிமே மூடறதுக்கு அங்க ஒண்ணுமில்ல. நம்ம மைன்ஸ மூடி நாம பட்டது போதாதா?"

மேரி உடனே மகனுக்குப் போன் போட்டு, "ஜெர்மனிடா" என்றாள்.

எட்டாவதோடு நின்றவன் நான். இரண்டு நாடும் மேப்பில் எங்கே என்றுகூடத் தெரியாது. ஆனாலும் ரயில் பங்காருப்பேட்டை தாண்டியும், போலந்துக்காரர்களின் மைன்ஸை எப்போது மூடுவார்களோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.