குண்டுச் சித்தி கடைப் பலகை

வெந்த பன்றி இறைச்சியைச் சூட்டோடு வெட்டக் கூடாது. தண்ணீரிலிருந்து எடுத்துக் கொஞ்சம் ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்பு ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். நேற்று நீங்கள் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததற்கு அதுதான் காரணம், ஐயா. திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். இன்று ஆறிவிட்டேன்.

எங்கள் கடை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குவாங்ஜுவில் பழைய சந்தைக்குப் பின்தெருவில், பலகையில் ஒரு பெண்ணின் முகம் கதவு அகலத்துக்கு இருக்குமே, அதுதான். குண்டுச் சித்தி கடை. முகம் என் மனைவி மால்சூனுடையது. படம் எடுத்த நாளில் அவளுக்கு மூன்று மோவாய் இருந்தது. படமெடுக்க வந்தவன், நிழல் விழுகிறது, ஒன்றை அழித்துவிடவா என்று கேட்டான். கடைக்கு முதலே அதுதானப்பா என்று நான்தான் தடுத்தேன்.

இறைச்சியை வேகவைப்பது நான். முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு மசாலா பிசைவதும் நான். ஆனால் கைமணம் சித்தியுடையது என்று ஊர் சொல்லும், நான் ஒருநாளும் மறுத்ததில்லை. என்னைத்தான் பார்க்கிறீர்களே, குச்சிக்குச் சட்டை மாட்டின மாதிரி இருக்கிறேன். என் படத்தைப் பலகையில் போட்டால் நாய்கூட உள்ளே எட்டிப் பார்க்காது. ஒல்லியான ஆள் வைக்கிற சோற்றை நம் கொரியாவில் யார் நம்புவார்கள்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடையை வளர்த்தோம் என்று மற்றவர்கள் பெருமை பேசுவார்கள். நாங்கள் அவள் வாயைத் திறந்து வைத்தே வளர்த்தோம்.

முழங்கால்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மாடிப்படி ஏற முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும் என்றாள். அதற்கு நாற்காலி வாங்கிப் போட்டேன். போதாது என்றாள்.

"ஏங்க, நான் மூதுங் மலை ஏறணும்ங்க. உச்சியில நாணல் பூத்திருக்குமாம், வெள்ளை வெள்ளையா."

"மலை எங்க போயிரப் போவுது? கீழ நின்னு பாத்தாலே நல்லாத்தான தெரியுது."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து கீழ நின்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

உடம்பு இளைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் வளையம் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே இரைப்பையின் மேல்பக்கத்தில் பட்டைபோல ஒரு சிலிகான் வளையம். அதற்கு மேலே ஒரு முட்டை அளவு இடம்தான் மிச்சம். அது நிரம்பினால் சாப்பாடு முடிந்தது. தோலுக்கடியில் வைத்திருக்கிற குமிழில் டாக்டர் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் நான்தான் கூடப் போனேன். இப்படி ஒரு கணவன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அங்கே நர்ஸுகள் பேசிக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் அவளும் சிரமப்பட்டாள், பொய் சொல்ல மாட்டேன். தயிர்க் கோப்பையோடு வருகிற சின்னக் கரண்டியால்தான் கஞ்சி. ஒரு வாயை மென்று மென்று, அது இருக்கிற இடமே தெரியாமல் போனபிறகுதான் விழுங்க வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சில் கல் நிற்கும், ஓடிப்போய்த் துப்பிவிட்டு வருவாள். வயிறு நிறைந்தால் அவளுக்கு விக்கல் வரும். நாலு கரண்டியிலேயே விக்குகிற ஒருத்தியை அடுப்படியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடை நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும்.

அப்புறம் இளைக்க ஆரம்பித்தாள். முதலில் மோதிரம் கழன்று ஊறுகாய்த் தொட்டிக்குள் விழுந்தது. அடுத்து மோவாய்கள் ஒன்றொன்றாய்ப் போயின. ஒருநாள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெந்நீர்க் குளியல் நிலையத்தில் கொடுக்கிற துண்டு இப்போது முழுசாகச் சுற்றிவருகிறதாம், அதையும் வந்து சொன்னாள். ரோஜா நிறத்தில் மலையேறுகிற சட்டையும் கனத்த பூட்ஸும் வாங்கி, பூட்ஸை வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகினாள். மலைக்கூட்டத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். எங்கள் வீட்டு நண்டு இளைத்துவிட்டுத் தங்காமல் போயிற்று.

வாடிக்கைக்காரர் கி அண்ணன் வந்த நாளைச் சொல்ல வேண்டும். ரிட்டையர் ஆன பஸ் டிரைவர், மகள் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அடுப்படியைப் பார்த்தார், பலகையை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, சித்தி போனது எனக்குத் தெரியாமப் போச்சே. சாவுக்குக்கூட வரலியேடா நான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனாலும் வருஷம் திரும்பறதுக்குள்ள இடுப்பு உள்ளவளாப் பாத்துக் கொண்டாந்து நிறுத்திட்டியே. உனக்கே நல்லாருக்கா இது?"

மால்சூன் உள்ளேயிருந்து, "அண்ணே, செத்தவ நாந்தான். நாலு துண்டு கூட வைக்கவா?" என்றாள்.

கி அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "குரல் மட்டும் அதே மாதிரி தேடிப் புடிச்சிருக்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே போனார்.

மால்சூன் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் கி அண்ணன் நேராக எதிர்க்கடைக்குப் போனதை நான் பார்த்தேன். எதிர்க்கடை யோன்ஜா முன்பு வற்றல் மாதிரி இருந்தவள். எங்கள் நிலைமை தெரிந்ததும் வேளைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டு உடம்பை ஏற்றி, 'அசல் குண்டுச் சித்தி' என்று பலகை மாட்டிவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தொழிலுக்காக உடம்பைக் கொடுப்பவளை மதிக்கத்தான் வேண்டும்.

டாக்டர் நல்ல மனிதர். ஆனால் சமையல்காரன் எதிரில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார். "கெட்டியான சாப்பாடுதான்மா வளையத்துல நிக்கும். இனிப்புத் தண்ணி, ஐஸ்கிரீம் எல்லாம் வழுக்கிட்டு உள்ள போயிரும். அத மட்டும் தொட்றாதீங்க," என்றார். மால்சூன் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

காலையில் அவளுக்கு எலும்பு சூப் கொடுப்பது என் வழக்கம். அதில் பன்றிக்கொழுப்பை உருக்கி, பால்போல ஆகிறவரை அடித்துச் சேர்த்தேன். முழங்காலுக்கு அவள் குடிக்கிற கசாயத்தில் கெட்டிப்பாலைக் கலந்தேன். கசப்பு குறைந்திருக்கிறதே என்றாள். மருந்துக்காரர் வேரை மாற்றியிருக்கிறார் என்றேன். கணவன் மனைவிக்குச் சூப் கொடுப்பது எந்தச் சட்டத்தில் குற்றம், ஐயா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் உப்பு மட்டுமா போட்டேன்?

எடை இறங்குவது நின்றது. பிறகு ஏறியது. அவள் தராசிலிருந்து இறங்கி மறுபடி ஏறி நின்று பார்ப்பாள். தன்மேல்தான் பிழை என்று நினைத்தாள். நாலு கரண்டிக் கஞ்சியை மூன்றாக்கினாள், மூன்றை இரண்டாக்கினாள். ஒருநாள் தராசின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

"நான் என்னங்க தப்புப் பண்றேன்? பச்சத் தண்ணிகூட பயந்து பயந்துதான குடிக்கிறேன்."

அவளை அணைத்துக்கொண்டேன். முதுகில் சதை பிடிக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். "உன் உடம்பு வாகு அப்படி. அதோட எதுக்குச் சண்ட போடற?" என்று சொல்லி, சூப்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தேன்.

டாக்டர் வளையத்தை இன்னும் இறுக்கினார். வீட்டில் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறாளா என்று என்னைக் கேட்டார். அவள் ஒளித்துத் தின்பதை டாக்டரிடம் எப்படி மறைப்பது என்கிற முகத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். மால்சூன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவள் பிடிவாதக்காரி. கடையை மூடினதும் நடக்கக் கிளம்பினாள், மழையிலும் நடந்தாள். சூப்பையும் வேண்டாம் என்றுவிட்டாள். மறுபடி இளைத்தாள். நாணல் பூக்கிற பருவத்தில் உச்சிவரை போவதாக மலைக்கூட்டத்தோடு முடிவாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் டிவிக்காரர்கள் போன் பண்ணினார்கள். பேர்போன சாப்பாட்டுக் கடைகளைப் படமெடுக்கிற நிகழ்ச்சி.

"அந்தக் குண்டுச் சித்தி இப்பவும் கடையில இருக்காங்கல்ல?" என்று அந்தப் பெண் கேட்டாள். இருக்கிறாள் என்றேன். பொய் இல்லை, ஆள் இருந்தாள்.

மால்சூனிடம் சொன்னபோது முகமெல்லாம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு சுருளை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தாள். ரோஜா நிறச் சட்டையில், மலைப்பாதைத் தடியோடு அவள் நிற்கிற படம். பலகைக்காரனிடம் ஏற்கனவே பேசிவிட்டாளாம். கேமரா முன்னாலேயே பழையதை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டுமாம்.

"பேரையும் மாத்திரலாங்க. மலைச் சித்தி கடை. எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு," என்றேன்.

"ஒண்ணு மட்டும். டிவிக்காரங்க புருஷன் பொண்டாட்டிய ஊட்டிக்கச் சொல்வாங்க. எனக்கு ஊட்டிராதீங்க. போன தடவ இறுக்கினதுலேர்ந்து பருக்கையே நின்னு நின்னுதான் எறங்குது."

ஊட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். செய்யும்போதே, அதற்கு எந்தத் துண்டு சரியாக வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

படப்பிடிப்பன்று கடை நிறைந்திருந்தது. யோன்ஜாகூட வந்து வாசலில் நின்றாள். அந்த டிவிப் பெண் மால்சூனைப் பார்த்ததும், சித்தியைக் கூப்பிடச் சொன்னாள். மால்சூன் நான்தான் சித்தி என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், நல்ல வேடிக்கை என்று கேமராக்காரனுக்கும் பிடித்துவிட்டது. எதிர்பார்த்தபடியே, "அண்ணா, சித்திக்கு ஒரு வாய் ஊட்டுங்க," என்றார்கள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? இலையில் சுற்றி வாய்க்கு நேரே நீட்டிவிட்டால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பாதியில் கடிக்கவும் கூடாது, முழுசாக ஒரே வாயில் போக வேண்டும். முகத்தைத் திருப்பினால் ஊட்டினவனுக்கு அவமானம். ஊர் பார்க்க என்னை அவமானப்படுத்துகிற பெண் இல்லை அவள். அந்த நம்பிக்கை எனக்கு இருந்தது.

பெரிய முட்டைக்கோஸ் இலையாக எடுத்தேன். எலும்புக்குருத்தோடு இருக்கிற வயிற்றுப் பகுதியில் மூன்று துண்டு வைத்தேன். எவ்வளவு மென்றாலும் அது மசியாது. மேலே முழுப் பூண்டு, ஊறுகாய், ஒட்டுகிற அரிசிமாவுக் கட்டி ஒன்று. இறுக்கிச் சுற்றினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒன்றைச் சுற்றியதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். கூட்டம் கைதட்டியது. கேமராவைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

வீடியோவைப் பலமுறை பார்த்ததாகச் சொன்னீர்கள். என் உள்ளங்கை அவள் வாயை ஏன் அவ்வளவு நேரம் பொத்தியிருந்தது என்பதுதான் உங்கள் கேள்வி. அவள் துப்பப் பார்த்தாள், ஐயா. அதனால்தான் பொத்தினேன். அவள் என் மணிக்கட்டை நகத்தால் கிழித்ததும் உண்மைதான், தழும்பு இதோ இருக்கிறது. எல்லோரும் கொஞ்சுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விழுங்குகிறவரை கையை எடுக்கவில்லை. வளையம் இடம் பெயர வேண்டும், இடம் பெயர்ந்தால் டாக்டர் எடுத்துவிடுவார், எடுத்துவிட்டால் அவள் பழையபடி ஆகிவிடுவாள். நான் நினைத்தது அவ்வளவுதான். மூச்சு நின்றுபோகலாம் என்பதும் தெரியும். ஆனால் அது தேவைப்படவில்லை, பாருங்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. இரைப்பை வளையத்துக்கு மேலே பிதுங்கிச் சுருண்டிருந்ததாம். வளையத்தை எடுத்துவிட்டார்கள். இனிமேல் வேறு வளையம் போட முடியாது என்று டாக்டரே சொன்னார். பலகைக்காரனுக்குப் போன் பண்ணிப் புதுப் படம் வேண்டாம் என்றேன். பழைய படத்தையே துடைத்து, கொஞ்சம் பெரிதாக்கி மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். கட்டிலுக்கடியில் அந்தப் பூட்ஸ் இருந்தது. மலைக்கூட்டத்துப் பெண்கள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிளாஸ்க்கில் சூப் கொண்டுபோயிருந்தேன். கரண்டியை உதட்டருகே கொண்டுபோனேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. அறுவைசிகிச்சை ஆன உடம்பு, கூச்சமாக இருக்கும்.

புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். இருக்கலாம். வெறும் வயிற்றில் மனிதர்கள் என்னென்னவோ பேசுவார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பிளாஸ்க் அதோ உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது, நேற்றுப் போட்ட சூப்தான் என்றாலும் சூடு முழுக்க ஆறியிருக்காது. ஒருமுறை என்னை அங்கே கூட்டிப் போங்கள். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள், ஐயா, கொஞ்சம் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.